நாலரைக்கு நான் வாய் திறந்தேன்

அதிகம் பேசாதவனை அறிவாளி என்று நினைக்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. என்னைப் பார்த்தாவது அதைத் திருத்திக்கொள்ளலாம். நான் பேசாமல் இருப்பதற்குக் காரணம் அறிவு இல்லை, பயம். நாலு பேர் சேர்ந்து நின்றால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பந்தியில் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைப் பிசைந்து தின்றவன் நான். (பெண் பார்க்கப் போன இடத்தில் எனக்கும் சேர்த்து என் அக்காதான் பேசியது. தான் கட்டிக்கொண்டது அக்காவைத்தான் என்று என் மனைவி சரசு இன்றும் சொல்வாள்.)

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு நாள், யாரும் கேட்காமலே வாயைத் திறந்தேன். நாலே வார்த்தை. அந்த நாலு வார்த்தையில் போர்ச்சுகல் நாட்டுக் கால்பந்து வீரன் ஒருவனின் பிழைப்பை முடித்து வைத்தேன். நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தால் பிரஷ்ஷைக் கடித்துவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். திருச்செங்கோட்டில், பொன்னுசாமி அண்ணனின் ரிக் ஷெட்டில் வேலை. ரிக் என்றால் போர் போடுகிற லாரி. அண்ணனின் வண்டிகள் எந்த மாநிலத்தில் நின்றாலும் நல்ல நேரம் பார்த்துத்தான் முதல் குழி போட வேண்டும். காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, ராகு காலம், எமகண்டம் பார்த்து, ஒவ்வொரு வண்டிக்கும் போன் போட்டு நேரம் சொல்வது என் வேலை. இருபது வருடமாக இதையே செய்து செய்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தக் கிழமைக்கு எப்போது ராகு காலம் என்று சொல்லிவிடுவேன். உருப்படியாக வேறு எதுவும் தெரியாது.

அண்ணனின் மச்சினன் நாமக்கல்லில் ஒரு கபடி டீம் வைத்திருந்தார். அது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அவன் கபடின்னா நானு புட்பால்" என்று ஒரு டீமை வாங்கிவிட்டார். அக்கம்பக்கத்து மாவட்டங்களில் ஆறு டீம் சேர்ந்து நடத்திய லீக் அது. டீமுக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் ஆடலாம். அப்படி ஒரு ஏஜென்ட் மூலமாக வந்து இறங்கியவன்தான் பாபியோ. இரண்டாம் நாளே ஊர் அவனுக்கு பாபு என்று பெயர் வைத்துவிட்டது.

பாபுவுக்கு இருபத்தொன்பது வயது. அவன் ஊரில் மூன்றாவது டிவிஷன் டீமில் ஆடிக்கொண்டு, பகலில் டைல்ஸ் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவன். வெளிநாட்டில் சம்பளத்துக்கு ஆடுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அண்ணன் என் தலையில் கட்டினார்.

"இவனும் பேச மாட்டான், அவனுக்கும் பேச வராது. ரெண்டும் சண்டையில்லாமக் கெடக்கும்."

சண்டையில்லாமல்தான் கிடந்தோம். செல்போனில் அவன் பாஷையில் பேசினால் அது தமிழில் எழுதிக் காட்டும். மூன்று மாத விசாவில் வந்தவனுக்கு, ஆடுவதற்கான காகிதம் வந்து சேர இரண்டே முக்கால் மாதம் ஆயிற்று. அதுவரை விடிகாலையில் மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்கி ஓடினான். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சரசு வைத்த முட்டைகளால் அவன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை "போதும்". (அவள் அதைக் காதில் வாங்கியதே இல்லை.)

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் குறித்தார்கள். கோவாவிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் அவனைப் பார்ப்பதற்கென்றே வருவதாகச் சேதி வந்தது. முந்தின நாள் பாபு செல்போனை என் முன்னால் நீட்டினான். அதில் இப்படி இருந்தது: "நாளை அவருக்குப் பிடித்தால் எனக்கு இரண்டு வருட வேலை. இல்லையென்றால் சூளை. எனக்கு இனி வேறு யாரும் வரமாட்டார்கள்."

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

கோவாக்காரருக்கு ஈரோட்டில் ரயில். அவருக்குக் கார் ஏற்பாடு செய்தது நான். சரியாக ஆறு மணிக்கு மைதானத்தை விட்டுக் கிளம்பினால்தான் ரயிலைப் பிடிக்க முடியும். இந்தச் சங்கதி அவருக்கும், டிரைவருக்கும், எனக்கும் மட்டும்தான் தெரியும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டு இத்தனை வருடமாகப் புழுங்குகிறேன்.

ஆட்டம் நாலு மணிக்கு. ஆனால் கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் வந்ததே நாலே காலுக்கு. வந்தவருக்குப் பொன்னாடை, அவர் பக்கத்தில் நின்றவருக்குப் பொன்னாடை, பக்கத்தில் நின்றவரின் பக்கத்தில் நின்றவருக்கும் பொன்னாடை. பாபு பதினோராம் நம்பர் சட்டையோடு கோட்டுக்கு வெளியே குதித்துக் குதித்து உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். மணி நாலு இருபத்தெட்டு. அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு டீமின் முதலாளிகளும் பக்கத்தில் நின்றார்கள். அவ்வளவு பேர் நடுவில் வாய் திறக்கவே முடியாத நான், இருபது வருடப் பழக்கம் பிடரியில் தள்ள, சொன்னேன்:

"அண்ணா, நாலரைக்கு ராகு காலமுங்க."

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "அடக் கெரகமே. ஆமால்ல. நாயித்துக்கெழம நாலரையிலிருந்து ஆறு. டேய், பாபு தம்பியப் புடி. கால வெச்சுப்போடப் போறான்."

இரண்டு பேர் ஓடிப்போய் அவனைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

கோச், சேலத்துக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் சார், மத்தப் பசங்க பத்துப் பேரு உள்ள நிக்கறாங்க. அவங்களுக்கு மட்டும் ராகு காலம் இல்லீங்களா?"

"அவனுங்க உள்ளூரு. நெதமும் ராகு காலத்துலதான் சுத்தறானுங்க. புது வண்டிய நேரம் பாத்துத்தானுங்க எடுக்கோணும். ஆறு மணி ஆவட்டும்."

பாபுவுக்குப் பதிலாக ஒரு கல்லூரிப் பையன் இறங்கினான். விசில் ஊதினார்கள்.

என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பாபு செல்போனை நீட்டினான். "நேற்று பயிற்சிக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தேன். அதற்கா?"

ராகுவைப் பற்றி ஒரு போர்ச்சுகல்காரனுக்கு எப்படி எழுதுவது? "ஆறு மணி வரை வானம் சரியில்லை" என்று எழுதிக் காட்டினேன். அவன் அண்ணாந்து பார்த்தான். மேகம் கொஞ்சம் இருந்தது. நம்பிவிட்டான். மழை வரும்போலிருக்கிறது என்று காலுறையை இழுத்து விட்டுக்கொண்டான். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அதன்பிறகும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். "அண்ணா, கோவாக்காரரு ஆறு மணிக்குக் கெளம்பிருவாருங்க." அவ்வளவுதான். நான் மூன்று முறை எழுந்தேன். முதல் முறை அண்ணன் போனில் இருந்தார். இரண்டாம் முறை பெரிய மனிதர் என்னைப் பார்த்து "என்னப்பா" என்றார், நான் அவர் நாற்காலியை நகர்த்திப் போட வந்தவன் மாதிரி நகர்த்திப் போட்டேன். மூன்றாம் முறை எதற்கு உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. ராகு காலத்தைச் சொல்ல வந்த வாய் இதைச் சொல்ல வரவில்லை. அந்த வாயை என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

கோவாக்காரர் அவராகவே என்னிடம் வந்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பதினோராம் நம்பர் எங்கே என்கிறார், அது புரிந்தது. நான் சிரித்தேன். அவர் மறுபடி கேட்டார். இன்னொரு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதையும் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

நடுவில் ஒருமுறை பந்து கோட்டைத் தாண்டி உருண்டு வந்தது. பாபு எழுந்து அதைக் காலால் நிறுத்தினான். பூனைக்குட்டி மேல் கை வைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. அதைத் திருப்பி அனுப்ப ஒரு அடி முன்னால் வைத்தான். பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"கோட்டத் தாண்டாதீங்க சாமி. இன்னும் நாப்பது நிமிசம் இருக்குது."

ஆறு மணிக்கு நடந்ததுதான் உச்சம். கோச் ஓடிவந்து, "சார், இருட்டுது, அனுப்புங்க" என்றார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். பையிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. லாரிக்குச் சக்கரத்தடியில் வைப்பதுபோல் கோட்டின் மேல் வைத்து, பாபுவை மிதிக்கச் சொன்னார்கள். அவன் வலதுகாலால் மிதித்தான். இடதுகாலுக்கு இன்னொன்று வைத்தார்கள். சூடம் காற்றில் மூன்று முறை அணைந்தது. நடுவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். நான் ரோட்டுப் பக்கம் பார்த்தேன். வெள்ளைக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு ஈரோட்டுப் பக்கம் திரும்பியது.

ஆறு நாலுக்கு பாபு உள்ளே போனான். அதற்குப் பிறகு நான் பார்த்ததை எனக்குச் சரியாக எழுத வராது. மைதானத்தின் நடுவில் பந்தை வாங்கினான். ஒருத்தனைத் தாண்டினான், இன்னொருத்தனைத் தாண்டினான், மூன்றாமவன் தானே விழுந்தான். அவ்வளவு தூரத்திலிருந்து அடிப்பான் என்று யாரும் நினைக்கவில்லை, கோல்கீப்பர் உட்பட. வலை அசைந்தபிறகுதான் சத்தம் எழுந்தது. பாபு கையை உயர்த்திக்கொண்டு நாற்காலி வரிசைப் பக்கம் ஓடிவந்தான். கோவாக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு காலி இளநீர் இருந்தன. அவன் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

ஆறு எட்டுக்கு நடுவர் வெளிச்சம் போதாது என்று ஆட்டத்தை நிறுத்தினார். ஆட்டம் செல்லாது, மறுபடி ஆட வேண்டும் என்று லீக்கில் முடிவு செய்தார்கள். மறு ஆட்டத்துக்கு முன்னால் பாபுவின் விசா முடிந்துவிட்டது.

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது செல்போனைக் காட்டினான். "இந்த ஊரில் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஆள் நீங்கள்தான்." நான் அதை வாங்கி, "அன்று உன்னை உட்கார வைத்ததே நான்தான்" என்று அடித்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, "சாப்பிடு" என்று அடித்துக் கொடுத்தேன்.

கோவாக்காரர் அப்புறம் போன் செய்யவே இல்லை. ஆட்டக்காரர்களின் கணக்கு வைத்திருக்கும் இணையப் பக்கம் ஒன்றை என் மகள் எடுத்துக் காட்டினாள். பாபுவின் பெயர் இருக்கிறது. வெளிநாட்டில் ஆடிய ஆட்டம்: பூஜ்யம். கோல்: பூஜ்யம்.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. அண்ணன் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். "ஆறு மணிக்கு எறக்குனோம், ஆறு அஞ்சுக்குக் கோலு. நேரம்னா நேரமுங்க. பாத்துச் சொன்னது யாரு, நம்ம இவன்தான்." அதிலிருந்து ஊரில் எவன் பைக் எடுத்தாலும், மாடு வாங்கினாலும் எனக்குப் போன் வருகிறது.

வீட்டில் வேறு மாதிரி. சரசுவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் அக்காவிடம் சொன்னாள். அத்தோடு சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போய்விட்டது. இப்போது எந்த விசேஷத்திலும் மாப்பிள்ளை வாசலுக்கு வந்தவுடன் எல்லாரும் திரும்பி முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். "மாமா வாயி மூடியிருக்குதான்னு பாருங்க." அக்கா பேத்தியின் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் வழியில் பஞ்சர். மத்தியானம் வர வேண்டியவர்கள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் படியேறும்போது சரசு ஒரு லட்டை எடுத்து என் வாயில் திணித்தாள். "இத மென்னுட்டு இருங்க, போதும்." கூடமே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. தட்டு மாற்ற எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அந்த ஒரு லட்டை நான் ஆறு மணி வரை மென்றேன்.