சுரைக்காய் என்று சொன்னால்தான் கதவு

கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஹிதாயத்துல்லா மூன்று தடவை தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. நாலாவது தடவை தோளைக் கொடுத்து முட்டினார். தோள்தான் வலித்தது.

"சோயா, உள்ள இருக்கியா?"

"நீங்கதானே அத்தா இப்ப உள்ள வெச்சு சாத்தினீங்க?"

"கேட்டதுக்கு பதில் சொல்லு. கூட யாரு?"

"தௌசிப்."

"வேற யாரும் இல்லியே?"

உள்ளே ஒன்பது வயசு மகளும் ஆறு வயசு மகனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் கேட்பார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டரிடமே, இது இந்த பஸ் டிக்கெட்தானா என்று கேட்கிற ஆள். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் பெட்டிக் கடை வைத்திருக்கிறார். பீடி சிகரெட் பெட்டிக்கடை இல்லை, சூட்கேஸ் விற்கிற கடை. இருபது வருஷமாகப் பூட்டு விற்று விற்று, பூட்டாத எதைப் பார்த்தாலும் அவர் கை சாவியைத் தேடும்.

விஷயம் இதுதான். அவர் வீட்டுக்காரி ஜெய்னபுக்கு பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரணும். பி.எட். சர்டிபிகேட் பதினோரு வருஷமாக பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து அவள் தூசி தட்டியபோது முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் கல் கூடக் கரையும். ஹிதாயத்துல்லா கல் இல்லை, அதற்கும் மேலே.

பிள்ளைகள் மூன்றரைக்கு வந்துவிடுவார்கள், அவள் வர அஞ்சரை ஆகும், நடுவில் ரெண்டு மணி நேரம் வீட்டில் யார் இருப்பது என்று கேட்டார். பிள்ளைகளே இருப்பார்கள், சொல்லிக் கொடுத்தால் பழகிக்கொள்வார்கள் என்றாள் அவள்.

சரி, சொல்லிக் கொடுத்துவிட்டுச் சோதனை வைப்பேன் என்றார். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம். அதற்குள் ஒரே ஒரு தடவை அன்னியனுக்குக் கதவைத் திறந்தாலும் வேலை கிடையாது.

"தொறக்கலைன்னா?" என்றாள் ஜெய்னப்.

"தொறக்கலைன்னா போ."

"சொன்ன சொல் மாறக் கூடாது."

"நான் என்னிக்கு மாறியிருக்கேன்?"

அவள் சர்டிபிகேட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

ஒரு வாரம் சாயங்காலம் தோறும் பாடம் நடந்தது. கேஸ் நாத்தம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதே, ஜன்னலைத் திற. ஈரக் கையோடு பிளக்கைப் பிடிக்காதே. போனில் யாராவது கேட்டால், அத்தா குளிக்கிறார் என்று சொல்லு.

"கதவு தட்டினா?"

"யாருன்னு கேக்கணும்," என்று ரெண்டும் ராகம் போடும்.

"பேரைச் சொன்னா?"

"நம்பக் கூடாது."

"அத்தாவே வந்தா?"

இந்த இடத்தில் தௌசிப் அக்காவைப் பார்ப்பான். அவள் தலையாட்டுவாள். "சுரைக்காய்னு சொன்னாதான் தொறக்கணும்."

சுரைக்காயை அவர்தான் தேர்ந்தெடுத்தார். அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காத காய், எவனுக்கும் தானாக வாயில் வராது என்பது அவர் கணக்கு.

பாடம் முடிந்ததும் புதுசாக ஒரு பூட்டு வாங்கினார். கதவோடு சேர்த்துப் பொருத்துகிற பித்தளைப் பூட்டு. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் குமிழைத் திருகினால் திறக்கும், வெளியே சாவி. குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் சாவி போடுகிற துளசிங்கம் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, நாக்கு கொஞ்சம் முரடாக இருக்கிறது, நானே வந்து மாட்டித் தருகிறேன் என்றான். வேறே வேலை இல்லை. பூட்டு மாட்டுகிறவன் கையில் சாவி ஒரு நிமிஷம் இருந்தால் போதும், சோப்பில் அமுக்கி அச்சு எடுத்துவிடுவான். ஹிதாயத்துல்லா தானே மாட்டினார். கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு பத்து தடவை திருகிப் பார்த்தார். ஜோராக வேலை செய்தது.

பின்வாசலை முந்தாநாளே பலகை அடித்து மூடியாயிற்று. ஜெய்னப் சர்டிபிகேட் நகலைக் கொடுக்க பல்லாவரம் போயிருந்தாள்.

ஆக, சனிக்கிழமை மணி மூன்றரை. ஹிதாயத்துல்லா எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் இருந்த இஸ்திரி வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். வண்டிக்காரி புஷ்பம், ஜெய்னபின் திங்கட்கிழமைப் புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாய், உன் வூட்ட நீயே திருடப் போறியா?"

"பேசாம வேலையப் பாரு."

சோதனைக்கு அவர் அனுப்பிய முதல் ஆள் சின்னப்பன். கடை வாசலில் ஆட்டோ நிறுத்துகிறவர், பிள்ளைகள் பார்த்ததில்லை. கையில் நாலு மாம்பழ ஐஸ். புது ஐஸ் கம்பெனி, குழந்தைகளுக்கு இன்று மட்டும் இலவசம் என்று சொல்லிக் கதவைத் தட்டினார்.

உள்ளே தடதடவென்று ஓடி வருகிற சத்தம். அப்புறம் 'கடக்' என்று பூட்டுச் சத்தம். ஹிதாயத்துல்லா வண்டிக்குப் பின்னாலிருந்து பாதி எழுந்துவிட்டார். போச்சு, ஐஸுக்கு விழுந்துவிட்டார்கள். மறுபடி கடக், கடக். கதவு மட்டும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் குசுகுசு. பிறகு சோயாவின் குரல், மூச்சு வாங்க.

"எங்களுக்கு ஐஸ் வேணாம். நாங்க யாருக்கும் கதவு தொறக்க மாட்டோம்."

அந்தக் கடக் கடக், உள்தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்ட சத்தம் என்று அவருக்கு விளங்கியது. மனுஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சின்னப்பன் உருகுகிற நாலு ஐஸையும் தானே தின்றுகொண்டு ஆட்டோவில் போய்விட்டார்.

இத்தோடு விட்டிருக்கலாம். விடுகிற ஜாதியா? முகம் தெரியாதவனுக்குத் திறக்காதது பெரிய காரியமில்லை, முகம் தெரிந்தவளுக்குத் திறக்காமல் இருக்கணும் என்று புஷ்பத்தை அனுப்பினார்.

அவள் முதலில் மாட்டேன் என்றாள். தினம் தன்னோடு பேசுகிற குழந்தைகள், கூப்பிட்டால் வந்துவிடும், டீச்சரம்மா வேலை போன பாவம் தனக்கு வேண்டாம் என்றாள். கடைசியில் போனாள். போய், ஒப்புக்குச் சொல்கிற மாதிரி, "புடவை கொணாந்துகிறேன், தொறந்தாலும் தொறங்க, தொறக்காட்டியும் போங்க," என்றாள்.

அதற்கே உள்ளே மறுபடி கடக் கடக். என்னமோ கட்டையால் தட்டுகிற சத்தம் வேறு. அப்புறம், "புஷ்பம் அக்கா, நாளைக்கு வாங்க," என்றாள் சோயா.

"பாத்தியா பாய்," என்று புஷ்பம் ஏதோ தானே பெற்ற மாதிரி திரும்பி வந்தாள். "அந்த அம்மாவ வேலைக்கு அனுப்பு."

அனுப்பலாம். ஆனால் கடைசிச் சோதனை பாக்கி. அவரே போனார்.

முதலில் சத்தமில்லாமல் சாவியைப் போட்டுத் திருகினார். பாதி திரும்பி நின்றுவிட்டது. தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினார். சாவியின் தலை கையோடு வந்துவிட்டது. மிச்சம் பூட்டுக்குள்.

"யாரு?"

"அத்தாதாம்மா. கதவத் தொற."

"வார்த்தை சொல்லுங்க."

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாக, "சுரைக்காய்," என்றார்.

"கேக்கல."

"சுரைக்காய்."

தெருவில் போன காய்கறி வண்டி நின்றது. சுரைக்காய் தீர்ந்துபோச்சு, பூசணிக்காய்தான் இருக்கிறது என்றார் வண்டிக்காரர்.

கதவு திறக்கவில்லை. கடக் கடக் மட்டும் கேட்டது. கொஞ்சம் பொறுத்து சோயா சொன்னாள்: "அந்த வார்த்தைய யாராச்சும் ஒட்டுக்கேட்டிருக்கலாம். நான் கேள்வி கேக்கறேன்."

ஹிதாயத்துல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னையே நம்பாத பிள்ளையைப் பெற எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? கேள் என்றார்.

"அத்தா தாடிக்கு என்ன போடுவாங்க?"

தெருவில் இதற்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். வெந்தயத் தண்ணி குடித்தால் தாடி நரைக்காது என்று அதில் பாதிப் பேருக்கு அவரே வைத்தியம் சொல்லியிருக்கிறார்.

"சாயம்," என்றார்.

"சத்தமா சொல்லுங்க."

"சாயம்."

"பல்லியப் பாத்தா அத்தா என்ன பண்ணுவாங்க?"

"கட்டில் மேல ஏறி நிப்பேன். போதுமா? தொற."

கடக் கடக் கடக். "இன்னும் ஒண்ணு. போன பெருநாளைக்கு அம்மா பட்டுப் புடவையில ஓட்டை போட்டது யாரு?"

ஹிதாயத்துல்லா இஸ்திரி வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். புஷ்பம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லு பாய்."

"நான்தான்," என்றார். "அவசரத்துக்கு வீட்டுலயே தேய்ச்சேன்."

"ஏழு மாசமா எம்மேல பழி போட்டுகினு கீற. அந்தம்மா எங்கிட்ட துணி குடுக்கவே மூணு மாசம் ஆச்சு. நல்ல மன்சன்யா நீ."

அங்கே நிற்க முகம் இல்லாமல் வீட்டுப் பின்பக்கம் போனார். பலகையைப் பிடுங்கிவிட்டு உள்ளே போகலாம் என்று நினைப்பு. அதற்கு மதிலேறிக் குதிக்கணும். மதில் மேல் திருடன் ஏறாமல் இருக்க பாட்டில் கண்ணாடி பதித்திருந்தது. பதித்தவர் யாரென்று சொல்லணுமா? நல்ல வேளை, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பேண்ட்தான் இடுப்பிலிருந்து முழங்கால் வரை கிழிந்துவிட்டது, அப்படியே முன்பக்கம் திரும்பி வந்தார்.

புஷ்பம் மூட்டையிலிருந்து யாருடையதோ ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டை எடுத்து வீசினாள். கறை பட்டால் நீதான் துவைக்கணும் என்றாள்.

பெட்ஷீட்டைக் கட்டிக்கொண்டு மொபைலில் துளசிங்கத்தைக் கூப்பிட்டார். சைக்கிளில் துளசிங்கம் வந்து இறங்கவும், ஷேர் ஆட்டோவில் ஜெய்னப் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

புருஷன் பூப்போட்ட பெட்ஷீட்டில் நிற்கிறார். தெருவே சிரிக்கிறது. ஜெய்னபுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தொறந்துட்டாங்களா?" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"எனக்கே தொறக்கல," என்றார் ஹிதாயத்துல்லா.

துளசிங்கம் பூட்டில் கண்ணை வைத்துப் பார்த்தான். கம்பியை விட்டு உடைந்த சாவியை வெளியே இழுத்தான். மறுபடி பார்த்துவிட்டு, "பாய், இது இன்னான்னா..." என்று ஆரம்பித்தான். தொழில் ரகசியத்தைத் தெருவில் சொல்லாதே, சும்மா திற என்று அவர் வாயை அடைத்தார். அவனுக்கென்ன, ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினான். கதவு திறந்துகொண்டது.

சோயா ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் வியர்வை, கையெல்லாம் தேங்காயெண்ணெய். பாவம், பொழுது போகாமல் தலை வாரிக்கொண்டிருக்கிறாள் என்று ஹிதாயத்துல்லா நினைத்தார். தௌசிப் கையில் பூரிக்கட்டை. திருடன் வந்தால் அடிக்கத்தானே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசப்படியில் ஏறி நின்றார். பெட்ஷீட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். ஜெய்னப் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள். இந்தப் பிள்ளைகளை நம்பி ரிசர்வ் பாங்கைக் கூட விட்டுவிட்டு வெளியே போகலாம். உலகத்தில் நான் நம்புகிற ரெண்டே பேர் இவர்கள்தான். இது மாறாத சொல், இத்தனை பேர் சாட்சி.

ஜெய்னப் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புஷ்பம் தேய்த்த புடவையைக் கொண்டு வந்து அவள் கையில் கொடுத்து, ஹிதாயத்துல்லாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னப்பன் எங்கிருந்தோ மறுபடி ஆட்டோவில் வந்து, ஆளுக்கொரு மாம்பழ ஐஸ் கொடுத்தார். தெருவுக்கே பெருநாள் மாதிரி ஆகிவிட்டது.

ஹிதாயத்துல்லா மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த ஐஸைப் பார்த்தும் ஆசை வரவில்லையா, எப்படிடா மனசைக் கட்டுப்படுத்தினாய் என்று கேட்டார்.

சோயா கீழேயிருந்து தம்பியின் காலைக் கிள்ளினாள். தௌசிப் அதைக் கண்டுகொள்ளாமல், ஐஸை வாயில் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னான்:

"ஐஸ் மாமா வந்தப்பவே தொறக்கத்தான் பாத்தோம் அத்தா, நீங்க மாட்டின பூட்டுதான் தொறக்கவே இல்ல."