மீனுக்கு எழுந்து நின்றவர்கள்

கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று சொல்வதற்குக் கோயில் நல்ல இடம். சாப்பாட்டு மேஜை அவ்வளவு நல்ல இடமில்லை. பட்டவன் சொல்கிறேன்.

1930களின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். ஹென்றி, சீமையிலிருந்து வந்த இங்கிலீஷ் வாத்தியார். கோயிலில் ஒன்றாகப் பாடுவோம் (நான் சுருதியோடு, அவன் தைரியத்தோடு). திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்போம். ஆனால் ஒரே மேஜையில் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. அது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடையாற்றில் ஒரு துரை வீட்டில் அவன் தங்கியிருந்தான். அவரிடம் மன்றாடி என்னை விருந்துக்கு அழைக்க அனுமதி வாங்கினான். "நண்பரே, நீர் அவசியம் வரவேண்டும்" என்றான். பைபிளைப் படித்தே தமிழ் கற்றவன், அப்படித்தான் பேசுவான்.

இரவல் கோட்டு, இரவல் டை, சொந்த நடுக்கம். போய் உட்கார்ந்தேன். வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக சூப்பை ஏந்திக்கொண்டு பட்லர் வந்தார். பார்த்தால், என்னைப் பெற்ற அப்பா!

(அப்பாவுக்குத் தொழிலே அதுதான். "அடையார்ல ஒரு பார்ட்டி கீது" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அடையாற்றில் வேறு பங்களாவே இல்லையா என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன்.)

தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று அப்பா கண்ணாலேயே அதட்டினார். அவரை அந்த வீட்டிலேயே மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதாகப் பேச்சு. பட்லரின் மகன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அதோடு சரி.

நானும் காட்டிக்கொள்ளவில்லை. உடம்பு கேட்டால்தானே? அப்பா நிற்க நான் உட்கார்ந்து பழக்கமில்லை. அவர் பக்கத்தில் வந்ததும் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். என்னவோ ஏதோ என்று துரையும் எழுந்தார், ஹென்றியும் எழுந்தான்.

"குந்துடா" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"இது உங்கள் வழக்கமா?" என்று துரைசானி கேட்டாள்.

"ஆமாம் அம்மா. உணவுக்குச் செய்கிற மரியாதை" என்றேன்.

அடுத்து மீன் வந்தது. துரைசானி உட்பட மேஜையே எழுந்து நின்றது. அந்த வஞ்சிரத்தைப் பிடித்த நொச்சிக்குப்பத்துக்காரர்கள் பார்த்திருந்தால் வலையைக் கீழே போட்டிருப்பார்கள்.

"இந்த பட்லரை உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று துரை கேட்டார்.

"தெரியாது" என்றேன். பேதுரு மறுதலித்தபோது சேவல் கூவியது. எனக்கு அது வறுபட்டு, தட்டில் மல்லாந்து, அப்பா கையிலேயே வந்தது.

மறுபடியும் எல்லோரும் நின்றோம். "நண்பரே, பள்ளியில் நீர் உட்கார்ந்தல்லவோ உண்கிறீர்?" என்றான் ஹென்றி.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "இவர் என் அப்பா" என்றேன்.

துரை முள்கரண்டியைக் கீழே வைத்தார். துரைசானியின் முகம் சுண்டிப்போயிற்று. வேலை போச்சு என்று அப்பாவுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஹென்றி நேராகப் போய் அப்பா கையிலிருந்த தட்டை வாங்கினான். "தகப்பனாரே, என் ஆசனத்தில் உட்காரும். நான் பணிவிடை செய்வேன்" என்று அவரை உட்கார்த்தி வைத்தான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த நிமிஷம் கோழிக்கு உண்டான குழம்பு முழுவதையும் என் இரவல் கோட்டில் கவிழ்த்தான்.

நாற்காலி நுனியில் தவித்துக்கொண்டிருந்த அப்பா துள்ளி எழுந்தார். "இன்னா தொரை, இப்டியா புடிப்பே? தள்ளு, நவுரு!" (ஒரு வெள்ளைக்காரத் துரையை ஒருமையில் விரட்டியது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.)

அப்பாவுக்கு வேலை கிடைக்கவில்லை. ஹென்றியையும் வேறு ஜாகை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவன் ஆழ்வார்பேட்டையில் ஒரு அறை பிடித்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில், அப்பாவுக்குப் பக்கத்து இலையில். யாராவது அவனைப் பார்த்து விழித்தால் அப்பா சாவகாசமாகச் சொல்வார்: "ஒரு தபா என் கைக்கு கீழ வேலை பாத்த பையன். குழம்பு ஊத்தத் தெரியல, நிறுத்திட்டேன். இப்ப சும்மா சோறு போட்டுக்கினு கீறேன்."

அப்பா காலமானபோது பெட்டியைச் சுமந்தவர்களில் ஹென்றியும் ஒருவன். கல்லறைத் தோட்டத்தில் யாரோ, "துரை யாரு?" என்று கேட்டார்கள்.

"நான் இவரால் வேலையினின்று நீக்கப்பட்டவன்" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

விசும்பிக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள்.