நாலு விஷயமும் மூன்று ரசிகர்களும்

இனிமேல் என் மனைவியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தாலாவது தேவலை. அதில் இரண்டு பேருக்கும் பேச வாய்ப்புண்டு.

நடந்தது இதுதான். எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் புதிதாக இசை போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி நான் கண்டறிந்த ஓர் உண்மையைச் சாப்பாட்டு மேஜையில் விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடிக்காரர் ஆயுள் முழுக்கப் பல்லவியோடு இறங்கிவிட வேண்டியதுதான். சரணம் கேட்க வேண்டுமானால் எட்டாவது மாடியில் வீடு வாங்க வேண்டும். எவ்வளவு பெரிய அநீதி. ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தேன்.

"புரியுதுங்க. உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள் மனைவி.

அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கொடுமை. ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க யாராவது காதில் புலம்பிக்கொண்டே இருப்பார்கள். பழக்க தோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் ஒழுகுகிறது என்று போன் செய்கிறவனும் தாலி கட்டியவனும் ஒன்றா?

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதனைக்கு வருகிறவர் மோவாயைத் தாங்கியில் வைத்துவிட்டால் வாயைத் திறக்க முடியாது. அப்போது நான் வாழ்க்கை, தொழில்நுட்பம், இசை, நாட்டு நடப்பு என்று நாலு விஷயம் பேசுவேன். மறுத்துப் பேசியவர் இதுவரை யாரும் இல்லை. ஆனால் ஊரே கேட்டாலும், அவள் கேட்கவில்லை என்றால் எனக்கு அது பேசின மாதிரியே இருக்காது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதையும் பதிவு பண்ணிக்கொள்வாள்.

ஆகவே மௌனம். என் குரல் இல்லாமல் வீடு வெறிச்சோடிப் போகும், "என்னங்க, ஏதாவது பேசுங்களேன்" என்று அவளே கெஞ்சிக்கொண்டு வருவாள் என்பது என் கணக்கு.

அவள் வந்தாள். என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நான் பேசாமல் குடித்தேன். பிறகு தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், வீட்டில் இப்போதெல்லாம் என்ன ஒரு நிம்மதி என்று. ஃபேன் கிறீச்சிடுவதே இப்போதுதான் காதில் விழுகிறதாம். அன்றைக்கே என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டு ஃபேனுக்கு எண்ணெய் போடச் சொன்னாள். மௌன விரதம் இருப்பவனால் மறுக்கவும் முடியவில்லை.

எனக்குள் விஷயங்கள் சேர்ந்துகொண்டே போயின. டிவியில் காலையில் வந்த செய்திக்கே சாயங்காலம் வரை 'சற்றுமுன்' என்று போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். பாங்க் வேலையாகக் கம்ப்யூட்டரைத் திறந்தால், நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொல்லி, படத்தில் சிக்னல் விளக்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்டது. ஊருக்கே கண் பார்க்கிற நான் அதில் மூன்று தடவை ஃபெயில். இதை யாரிடம் சொல்வது? கடையில் ஒரு பெரியவரிடம் ஆரம்பித்தேன். "தம்பி, நீங்க எழுத்தை மட்டும் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க இப்படி அவஸ்தைப்படுறீங்க? பேசணும்னா பேசிடுங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நான் ஒருத்தி கேட்டு என்ன ஆகப் போகுது? உங்க பேச்சுக்கு இந்த வீடு பத்தாது. போன்ல பேசி ரெக்கார்டு பண்ணுங்க. நம்ம அடுக்ககத்துலயே ரசனை உள்ளவங்க இருக்காங்க. ஒரு குரூப்ல சேர்த்து விடறேன்."

ரசனை என்ற சொல்லில் விழுந்துவிட்டேன். மௌனம் அந்த இடத்திலேயே கலைந்தது. "யார் யாரு?" என்று கேட்டேன்.

ஐந்தாவது மாடிப் பல் டாக்டர், கீழ்வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர், எதிர் பிளாக் மருந்துக்கடைக்காரர். குழுவுக்கு 'நாலு விஷயம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்காகவே வைத்தது போல இருந்தது.

அன்று முதல் சாயங்காலமானால் பால்கனியில் நின்று போனில் பேசுவேன். அந்த நேரத்தில் அவள் வாக்கிங் போய்விடுவாள். நான் அனுப்பிய மறு நிமிடமே பல் டாக்டரிடமிருந்து 'அருமை' வரும். டிரைவிங் ஸ்கூல்காரர் 'மிக அருமை' என்பார். மருந்துக்கடைக்காரர் கட்டை விரலை மட்டும் உயர்த்துவார், பிஸியான மனிதர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களும் தங்கள் குரலில் ஏதேதோ அனுப்புவார்கள். எல்லாம் கால் மணி, அரை மணி. யாருக்கு நேரம் இருக்கிறது? மரியாதைக்கு நானும் 'அருமை' போட்டுவிடுவேன்.

"பார்த்தியா? கேட்கத் தெரிஞ்சவங்க கேட்கிறாங்க" என்றேன் மனைவியிடம்.

"பரவாயில்லையே" என்றாள். குரலில் கொஞ்சம் பொறாமை தெரிந்தது போலவும் இருந்தது.

பிறகுதான் லிஃப்டில் பல் டாக்டரைப் பார்த்தேன். ரசிகரை நேரில் பார்க்கிற சந்தோஷத்தில், நேற்றைய என் பேச்சு எப்படி என்று கேட்டேன்.

"அருமை சார்."

"எந்த இடம் பிடிச்சுது?"

"எல்லா இடமும்" என்றவர், ஆவலாக என் பக்கம் திரும்பினார். "என்னோடது எப்படி இருந்துச்சு சார்? ஞானப்பல் பத்தி சொன்னது?"

"அருமை" என்றேன்.

"சும்மா கேட்டுப் பார்த்தேன், அது ஞானப்பல் பத்தி இல்ல சார். நேத்து நான் செல்போன் டவர் பத்திப் பேசியிருந்தேன்."

என் முகத்தில் அசடு வழிந்தது. நான் விடவில்லை. நேற்று நான் எதைப் பற்றிப் பேசினேன் என்று திருப்பிக் கேட்டேன். அவருக்கும் வழிந்தது. இரண்டு பேரும் லிஃப்ட் கதவுக்கு மேலே ஓடும் எண்களை அக்கறையோடு பார்த்தோம்.

கீழே இறங்கியதும் டிரைவிங் ஸ்கூல்காரர் எதிரே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. அவரைக் குழுவில் சேர்த்து விட்டது அவர் மனைவி. டாக்டரைச் சேர்த்தது டாக்டர் மனைவி. மருந்துக்கடைக்காரரைக் கேட்கவே வேண்டாம். நாலு பெண்களும் கலந்து பேசித்தான் எங்களை ஒரே தொட்டியில் விட்டிருக்கிறார்கள். வாக்கிங் என்பதும் சும்மா. நாங்கள் ஆளுக்கொரு பால்கனியில் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நாலு பேரும் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறினேன். ஆத்திரத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மூன்று பேர் கேட்காதது போகட்டும். அவளும் கேட்கவில்லையே.

கதவைத் திறந்தால் சமையலறையிலிருந்து ஒரு குரல். ஆண் குரல். கீச்சுக் குரலில், மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் சாய்த்து வைத்த போனிலிருந்து வந்தது என் குரல்தான், இரண்டு மடங்கு வேகத்தில்.

புது ஃபிரேம் போட்டுப் பார்க்க வேண்டுமானால் பழைய கண்ணாடியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் நிலைக்கண்ணாடியில் தன் முகமே தெரியாது, ஆகவே எல்லோரும் கடைசியில் கூட வந்தவர் சொல்வதை நம்பித்தான் வாங்குகிறார்கள் என்று அந்தக் கீச்சுக்குரல் சொன்னது. அவள் சிரித்தாள். சோப்புக் கையால் போனைத் தட்டி, அதே இடத்தைத் திரும்பவும் ஓடவிட்டு, மறுபடியும் சிரித்தாள்.

கொண்டுவந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எல்லாத்தையும் கேட்டியா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "தினமும்தான். அந்த குரூப்ல நானும் இருக்கேனே. ஒண்ணு விடாம கேட்கறேன். இன்னைக்கு லேட் ஏன்? இன்னும் எதுவும் வரலையே."

"அப்புறம் ஏன் நேர்ல சொன்னா கேட்கல?"

"ஆபீஸ்ல ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது, தெரியுமா? வீட்டுக்கு வந்தா நீங்க. இதுல அப்படி இல்ல. களைப்பா இருந்தா நிறுத்திக்கலாம். நல்லா இருந்தா திரும்பக் கேட்கலாம். உண்மையைச் சொல்லணும்னா, நீங்க நல்லாத்தான் பேசுறீங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லிஃப்டில் நடந்த கூத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். கதையில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் அவள் ஈரக் கையை உயர்த்தினாள்.

"அதைப் போன்ல பேசி அனுப்பிடுங்க."

"நான்தான் எதிர்ல இருக்கேனே. போன்ல இருக்கறவன் என்னைவிட உசத்தியா?"

"பேச்செல்லாம் ஒண்ணுதாங்க" என்றாள் அவள், பாத்திரத்தைக் கவிழ்த்தபடி. "ஆனா அவர், நிறுத்துன்னா நிறுத்திடறார்."

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.