உன் வியோலெட்டாவை வந்து கூட்டிப்போ, மச்சான்

விஸ்துலா நதிக்கரை,
ஓர் ஓடத்துறை,
திங்கட்கிழமை, வெயில்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனர் ரோமுவால்ட் அவர்களுக்கு,

உன் தங்கை யத்விகாவின் கணவன் எட்முண்ட், ஈரக் காலுறையோடு உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவி மரியோலாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உன் முதுகுவலி முற்றிலும் குணமாகியிருக்க வேண்டும் என்று இன்னும் அதிகமாக விரும்புகிறேன், ஏனென்றால் நீ வந்து ஒரு படகை இழுத்துப் போக வேண்டியிருக்கிறது.

ஈஸ்டர் விருந்தில் நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு மறக்கவே மறக்காது. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்று, அடுத்த வருஷமே யத்விகா பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, கியெல்ட்ஸேயில் அந்த இரண்டு அறை வீட்டில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று நாங்கள் போட்ட சண்டை மாடிப்படி முழுக்கத் தெரியும். 'உப்பு எங்கே' என்பதைத் தாண்டி எங்களுக்குள் நல்ல பேச்சே இல்லாமல் போயிற்று. யத்விகா, லுப்ளினில் இருக்கும் உங்கள் தங்கை தெரேசா வீட்டில் போய்க் 'கொஞ்ச நாள்' இருக்கிறேன் என்றாள். தெரேசா பின்னறையிலிருந்து தையல் மெஷினையே வெளியே தூக்கிப்போட்டு இடம் ஒழித்துவிட்டாள். கொஞ்ச நாள் தங்க வருபவர்களுக்காக யாரும் தையல் மெஷினை நகர்த்துவதில்லை, மச்சான். அப்போதுதான் நீ வெள்ளை சாஸேஜைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதிரியார் மாதிரி எழுந்து நின்று, "என் படகை எடுத்துக்கிட்டுப் போங்க. மேலேர்ந்து கடல் வரைக்கும் நிதானமா மிதந்துக்கிட்டே போங்க. ஒரே படகுல இருந்தா ரெண்டு பேரும் எங்க ஓட முடியும்? பேசித்தானே ஆகணும்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கைக்கு இப்போது கொப்புளம்.

முதலில் சாண்டோமியெர்ஸ் ஊரில் படகை இறக்கியதைச் சொல்கிறேன். யத்விகா காரோடு டிரெய்லரை ஒரே மூச்சில் பின்னோக்கி ஓட்டித் தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். சுற்றி நின்றவர்கள் தொப்பியைக் கழற்றாத குறை. நான் படகைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் பெருமை கணுக்கால்வரை நனைந்தது. உன் படகின் அடியில், தண்ணீரை வடிய விடுவதற்கு ஓர் ஓட்டை இருக்கிறதாமே? அதற்கு ஒரு மூடியும் உண்டாமே? கரையில் நின்ற ஒரு அம்மாள் எனக்குச் சொல்கிறாள், நீ சொல்லவில்லை! யத்விகா ஓட்டையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு படகுக்குள் குப்புறப் படுத்திருக்க, நான் கார் முழுக்கத் தேடி, கடைசியில் உன் நண்பர்கள் யாரோ படகில் விட்டுப்போன ஓட்கா பாட்டிலின் தக்கையை வைத்து அடைத்தோம். இன்றுவரை அந்தத் தக்கைதான் எங்களைக் காப்பாற்றி வருகிறது. அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

அதற்கப்புறம்தான் உண்மையான அடி. இருவரும் படகில் ஏறி உட்கார்ந்து, தொப்பி வைத்து, மோட்டாரை முடுக்கப் போகும்போது யத்விகா கேட்டாள்: "ஏன் வாத்தியாரே, நாம ரெண்டு பேரும் மிதந்து போயிட்டா, காரும் டிரெய்லரும் எப்படி வரும்? பின்னாலயே நீந்தி வருமா?" மச்சான், நான் எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு இந்த நதியை ஊற்றிலிருந்து முகத்துவாரம் வரை நடத்தியவன். நதி ஒரே பக்கம்தான் ஓடும், கார் கிளம்பின இடத்திலேயே நிற்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கும் தோன்றவில்லை. டிரெய்லர் இழுக்கும் லைசன்ஸ் எனக்குக் கிடையாது, அவளுக்கு உண்டு. ஆகவே நம் குடும்பத்தின் 'ஒரே படகில் இருவர்' திட்டம் இப்படி ஆயிற்று: நான் தனியாகத் தண்ணீரில், அவள் தனியாக ரோட்டில். சாயங்காலம் கரையில் படகு இறக்கும் சரிவு ஏதாவது ஒன்றில் சந்திப்பு.

பகல் முழுக்க மணல்திட்டு எங்கே என்று முறைத்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிடும். இந்த வருஷம் நதியில் தண்ணீர் பேருக்குத்தான் இருக்கிறது. போதாததற்கு உன் தங்கை ஊருக்கே சமைத்த மாதிரி ஜாடி ஜாடியாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்: முட்டைக்கோஸும் கறியும் சேர்த்த பிகோஸ், வெள்ளரி ஊறுகாய், பீட்ரூட், ப்ளம் ஜாம். காரில் வைத்தால் குலுங்கி உடையுமாம், அதனால் எல்லாம் படகில். படகு கர்ப்பிணி மாதிரி நகர்கிறது. சரி, கரை சேர்ந்தோமே, கொஞ்சம் படுக்கலாம் என்றால் விடுவாளா? பகலெல்லாம் தான் பார்த்ததை ஒன்று விடாமல் சொல்வாள். சந்தையில் ஒருத்தி வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேரம் பேசினாளாம். காட்டோரம் நிறுத்திக் காளான் பறித்தாளாம், அங்கே ஒரு கன்னிகாஸ்திரீ இவளுக்கு முன்னால் நல்ல காளானையெல்லாம் சுத்தமாகப் பறித்துப் போய்விட்டாளாம். பிறகு என்னையும் விடமாட்டாள். "நீங்க என்ன பாத்தீங்க, சொல்லுங்க." நீர்நாய் பார்த்தேன் என்றால், எவ்வளவு பெரிசு, எந்தக் கரையில், உங்களைப் பார்த்து என்ன பண்ணிச்சு என்று குடைச்சல். சூப் ஆறிப்போகும்வரை பேச்சு. எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது, மச்சான். ஓய்வு எடுக்க வந்தவன் ஒருவன் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

உன் படகின் பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உன் முந்தைய மனைவி பெயரை அழிக்க மரியோலா பூசச் சொன்ன வெள்ளைப் பெயின்ட் வெயிலில் உரிந்து, 'வியோலெட்டா' முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது. கரையில் இருப்பவர்கள் எல்லாம் என் பக்கத்தில் நிற்கும் யத்விகாவுக்கு "வணக்கம் வியோலெட்டா அம்மா" என்று கையாட்டுகிறார்கள். உன் தங்கைக்கு அந்தப் பெண்ணை எவ்வளவு பிடிக்கும் என்று உனக்கே தெரியும்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்று காலையில் சண்டை. அவள் காளான்களைக் கயிற்றில் கோத்துப் படகின் அறைக்குள் காயப்போட்டிருந்தாள். எழுந்ததும் ஒன்று என் காதைத் தடவியது. நான் ஏதோ சொன்னேன். "உனக்கென்ன, நாள் பூரா ஜாலியா ஊர் சுத்தற" என்றும் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "வாத்தியாரே, தினமும் கரையில நின்னு நீங்க வர்றீங்களா வர்றீங்களான்னு பாக்கறது ஜாலின்னு நினைச்சீங்களா? போன வாரம் இருட்டினப்புறம் வந்தீங்க. முந்தாநேத்தும் அப்படித்தான். எனக்கு அலுத்துப் போச்சு. இன்னிக்கு ஓடத்துறையில வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்க. வரலேன்னா டிரெய்லரை அங்கயே கழட்டி விட்டுட்டு நான் லுப்ளின் போறேன். தெரேசா ரூம் ரெடியா இருக்கு." போய்விட்டாள். தன் போனை என் படகில் சார்ஜில் போட்டபடி மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

மச்சான், அன்று நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் படகை நிறுத்தவில்லை. சூரியன் நன்றாக மேலே இருக்கும்போதே ஓடத்துறை கண்ணில் பட்டுவிட்டது. சரிவின் மேல் நம் கார், டிரெய்லர், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு யத்விகா. நான் எழுந்து தொப்பியைக் கழற்றிப் பெரிதாக ஆட்டினேன். ஆட்டின கையோடு படகு மணலில் ஏறி அசையாமல் உட்கார்ந்துகொண்டது. நதியின் நட்ட நடுவில், அவள் கண்ணெதிரே!

மோட்டாரை முறுக்கினேன், துடுப்பால் நெம்பினேன், இறங்கித் தோளால் முட்டினேன். அசையவில்லை. மணலுக்கும் கரைக்கும் நடுவே ஆழமான நீரோட்டம், எனக்கு நீச்சல் வராது. உன் தங்கை பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல் படைத்தவள், எனக்கோ தொண்டை கட்டியிருக்கிறது. கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்த குண்டு மனிதர் ஒருவர்தான் நடுவில் அகப்பட்டார். நான் அவரிடம் சொல்ல, அவர் அவளிடம் சொல்ல ஆரம்பித்தார். "சீக்கிரமே வந்துட்டேன்னு சொல்லுங்க!" என்றேன். "சீக்கிரமே வந்துட்டாராம்மா!" "வந்தாரா? எங்க வந்தாரு? நடு ஆத்துல நிக்கிறதுக்குப் பேரு வர்றதா?" மீன்காரர் என் பக்கம் திரும்பி, "சார், அவங்க கேக்கறதும் நியாயமாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் நான் வாயைத் திறப்பதற்குள் அவராகவே, "மன்னிப்புக் கேக்கறாரும்மா!" என்று கத்தினார். "நான் கேட்கவே இல்லையே" என்றேன். "கேட்டுடுங்க சார், எனக்குத் தூண்டில் இழுக்குது."

கேட்டேன். உரக்கக் கேட்டேன். இரண்டு கரையிலும் இருந்த சைக்கிள்காரர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். மீன்காரர்தான் யோசனையும் சொன்னார்: படகில் பாரம் அதிகம், ஜாடிகளைத் தூக்கித் தண்ணீரில் போடுங்கள் என்று. உடனே கரையிலிருந்து இடி: "ஒரு ஜாடி தண்ணில விழுந்துச்சு, அவ்வளவுதான்!" எனவே ஒவ்வொன்றாகத் தூக்கி மணல்திட்டில் வரிசையாக அடுக்கினேன். பிகோஸ் ஒரு வரிசை, வெள்ளரி ஒரு வரிசை. அடுக்கி முடித்து நிமிரும்போது சூரியன் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. படகு அப்படியே கிடந்தது. யத்விகா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். காரில் ஏறினாள். பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்து, வில்லோ மரங்களுக்குப் பின்னால் மறைந்தன. "போயிட்டாங்க சார்" என்றார் மீன்காரர். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு அழுகை வந்தது. லுப்ளினுக்கு எந்த ரோட்டில் போவாள், எங்கே திரும்புவாள் என்று பூகோள வாத்தியார் புத்தி வேறு கணக்குப் போட்டது. அன்று வழியில் ஒரு வெள்ளைவால் கழுகு மீனைத் தூக்கிப் போனதைப் பார்த்திருந்தேன். அதை இனிமேல் யாரிடம் சொல்வது என்று இருந்தது.

அப்போது கிறீச்சென்று ஒரு சத்தம். கரையிலிருந்து கரைக்குக் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு கார்களைக் கடத்தும் ஓடம் கிளம்பி வருகிறது. அன்றைய கடைசி டிரிப் எப்போதோ முடிந்துவிட்டது. ஓடத்தின் மேல் ஒரே ஒரு கார், அதன் பின்னால் காலி டிரெய்லர், கைப்பிடிக் கம்பி ஓரத்தில் கயிற்றுச் சுருளோடு உன் தங்கை. ஓடக்காரர் மெதார்ட் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தாராம். "ஐயா, கடைசி டிரிப் முடிஞ்சப்புறமும் ஓடி வந்த எத்தனை பேருக்கு நான் பஸ்ஸை நிறுத்தியிருக்கேன் தெரியுமா? இன்னிக்கு என் முறை" என்று இவள் சொல்ல, அந்த மனிதர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். கயிற்றின் ஒரு முனையை டிரெய்லருக்குப் பின்னால் கட்டி, மறு முனையை என்னிடம் வீசினாள். முதல் தடவையே பிடித்தேன். ஓடம் நகர, கயிறு முறுகி விறைக்க, உன் வியோலெட்டா ஒரு ஏப்பம் விட்டு மணலிலிருந்து கழன்றது. நான் உள்ளே தொப்பென்று விழுந்தேன். இரண்டு கரையிலும் கைதட்டல்.

அக்கரை நெருங்கும்போதுதான் திரும்பிப் பார்த்தேன். ஜாடிகள்! நதி நடுவே மணல்திட்டில் அத்தனையும் வரிசை கலையாமல், பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்கிற மாதிரி நிற்கின்றன. ஒரு நாரை இறங்கி வந்து பீட்ரூட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மேலேயிருந்து ஒரு சத்தம். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்தாள், மச்சான். கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்து, நிற்க முடியாமல் ஓடத்தின் தரையிலேயே உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் மீன்காரர் தன் தட்டைப் படகில் போய் ஜாடிகளைக் கொண்டுவந்தார். கூலியாக இரண்டு பிகோஸ் எடுத்துக்கொண்டார், நியாயம்தான்.

ஆனால் சிரிப்பு வேறு, லுப்ளின் வேறு. அதைப் பற்றி அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவளும் சொல்லவில்லை. என் முழங்கால் போயிற்று, தோள் போயிற்று, குரல் போயிற்று. எனவே இக்கடிதம் கண்டதும் புறப்பட்டு இந்த ஓடத்துறைக்கு வந்து, உன் படகு, டிரெய்லர், தக்கை எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டு எங்களை விடுதலை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். உன் யோசனையால் இனி எந்தக் குடும்பமும் மிதக்காமல் இருக்கட்டும். மரியோலாவுக்கு என் வணக்கம். உன் தோட்டத்துத் தக்காளி கனியட்டும், உன் முதுகு நிமிரட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கையை இன்றுவரை கணவனாக இருந்து காத்து நிற்கும்
எட்முண்ட்

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி இதை யத்விகாவிடம் கொடுத்தேன், கார் அவளிடம்தானே இருக்கிறது. தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டுத் திரும்பி வந்து நிற்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெரேசாவை அந்த ரூம்ல தையல் மெஷினைத் திரும்பப் போட்டுக்கச் சொல்லுங்க. அப்புறம் அண்ணன்கிட்ட டிரெய்லர் லைசன்ஸ் இருக்குல்ல? காரை அவன் ஓட்டட்டும். நான் படகுல வரேன். அந்தக் கழுகைப் பத்தி எங்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க?" ஆகவே மேலே எழுதியதில் 'புறப்பட்டு வா' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடு. கடல் வரை போகிறோம். அங்கே படகை ஏற்றி, ரோட்டில் மேலே கொண்டுபோய், முதலிலிருந்து மறுபடி இறக்கலாம் என்கிறாள், டிரெய்லர் எதற்கு இருக்கிறது என்கிறாள். நீ தினமும் சாயங்காலம் கரையில் நின்றுகொண்டிரு, சூப் சூடாக இருக்கட்டும். நாங்கள் வர இருட்டிவிட்டால் கோபித்துக்கொண்டு லுப்ளினுக்குப் போய்விடாதே.