குடும்பிமலையில் நான் தின்ற பாதி

என் வாழ்நாளில் நான் செய்த பெரிய பிழைகள் எல்லாம் பசியில் செய்தவை. மற்றவர்கள் கோபத்திலும் ஆசையிலும் செய்கிறார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைத்ததில்லை (இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் எவ்வளவு நேரம்தான் இருக்கிறது?). அவற்றில் ஒன்றை மட்டும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

தவராசா என் கூட்டாளி; எனக்குத் தவம். களுவாஞ்சிக்குடியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நாலைந்து வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை மோட்டார்சைக்கிளில் வந்து நின்றான்.

"மச்சான், குடும்பிமலைக்குப் போவம் வாறியா? லேசான ஏத்தம்தான். பின்னேரம் வீட்ட வந்திரலாம்."

வாவிக்கரையில் பிறந்த எனக்கு ஏற்றம் என்றால் பாலம் ஏறுவதுதான். மறுக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் வண்டியில் தொங்கிய பையிலிருந்து பொரித்த இறால் வாசம் வந்தது. ஓம் என்றேன்.

கிரான் சந்தியில் திரும்பி மேற்கே போனோம். இருபுறமும் அறுவடை முடிந்த வயல் வட்டைகள். தவம் வழியெல்லாம் பேசவேயில்லை. நான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசிக்கொண்டு போனேன்.

அடிவாரத்தில் பையை என்னிடம் தந்தான். "இதக் கவனமாக் கொண்டு வா, சரிச்சுப்போடாத. நான் முன்னுக்குப் போய் வழி பாக்கிறன்" என்று சொல்லித் தண்ணீர்ப் போத்தலுடன் ஏறிப் போனான்.

லேசான ஏற்றம் என்று அவன் சொன்னது உண்மைதான். எதிரே இறங்கி வந்த ஒரு கிழவர் வெற்றிலை போட்டுக்கொண்டே வந்தார். நானோ கால்மணி நேரத்தில் ஒரு பாலை மரத்தடியில் விழுந்து கிடந்தேன். என் மடியில் அந்தப் பை.

ஒரேயொரு இறால் என்றுதான் பிரித்தேன். வாழையிலைக்குள் வெள்ளைச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாவி இறால் பொரியல். எங்கள் மத்தியானச் சாப்பாடு என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. நான் ஒன்றும் கூட்டாளிக்குத் துரோகம் செய்கிறவன் அல்ல. சோற்றின் நடுவே விரலால் கோடு கிழித்து, இறாலையும் சரிபாதியாகப் பிரித்து (மிஞ்சிய ஒன்றை அவன் பக்கம் வைத்தேன், அவ்வளவு நேர்மை!), என் பாதியை மட்டும் தின்றேன். பிறகு இலையை முன்பைவிட அழகாகக் கட்டி வைத்தேன்.

உச்சியில் வெறும் பாறை. தவம் ஓர் இடத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தான். சட்டைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தான். நான் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"மச்சான், இது தம்பிக்கு" என்றான். "உன்னட்ட முதலே சொல்லியிருக்க வேணும். வாயால சொல்ல ஏலாமக் கிடந்தது."

அவன் தம்பி மோகன் சண்டைக் காலத்தில் காணாமல் போனவன். இந்தப் பக்கம் கண்டதாக யாரோ சொன்னதுதான் கடைசிச் செய்தி. அவர்கள் அம்மா அவனுக்கு ஒரு சடங்கும் செய்யவிடவில்லை. செய்தால் அவன் இல்லை என்று தன் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி என்பார். இத்தனை வருடம் கழித்து அன்று காலைதான் அடுப்பை மூட்டி, அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, மலையில் படைத்துவிட்டு வா என்று மூத்தவனை அனுப்பியிருக்கிறார்.

தவம் இலையைப் பிரித்தான். கோடு கிழித்த சோறு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "எச்சிலாக்கிப்போட்டியேடா" என்று மட்டும் சொன்னான். மீதியைப் பாறையில் வைத்தான். கற்பூரம் காற்றில் நிற்காமல் அணைய, இருவரும் குனிந்து மறைத்துப் பிடித்தோம். வெகுநேரம் காத்திருந்தோம். ஒரு காகமும் வரவில்லை.

திரும்பியபோது தவத்தின் அம்மா வேலிப் படலையில் நின்றார். நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

"காகம் எடுத்ததா மனே?"

தவம் குனிந்து வண்டியின் ஸ்டாண்டைப் போட்டான். அவனுக்குப் பொய் வராது. எனக்கு அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாமி, பாதிச் சோத்த நான் திண்டுட்டன். எனக்குத் தெரியா மாமி."

மாமி கிட்ட வந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"உப்புச் சரியா இருந்ததா?" என்று கேட்டார்.

படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக்கூடாது. மகனுக்குச் சமைத்தது எப்படி இருந்தது என்று அவருக்கே தெரியாது. நல்லா இருந்தது என்று சொல்லத்தான் நினைத்தேன். முடியவில்லை.

"றாலுக்கு மட்டும் உப்புக் கொஞ்சம் கூட, மாமி."

"கூடவா! அவன் இருந்தாச் சோத்துக் கோப்பைய வச்சிட்டு எழும்பிப் போயிருப்பான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. தம்பிக்காக அம்மா அழுததை அன்றுதான் முதல் தடவை பார்த்ததாகத் தவம் பிறகு சொன்னான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வருடா வருடம் படையல். தவத்தின் பிள்ளைகளுக்கு நான் 'காகம் மாமா'. என் மனைவியும் சமையல் முடிந்ததும் "காகத்தக் கூப்பிடுங்க" என்றுதான் எங்கள் பிள்ளைகளிடம் சொல்கிறாள்.

போன வருடம் கிணற்றடியில் வைத்த இலைக்கு உண்மையான காகமே வந்தது. இறாலைக் கொத்திக்கொண்டு பறந்தது. மாமி கும்பிட்டார். பிறகு எனக்கு ஓர் இலையைப் போட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"அது ஒண்டும் சொல்லாமப் போயிற்று. நீ திண்டுட்டுச் சொல்லு மனே."