வெள்ளைச் சுவர், நீலக் கதவு, புதன்கிழமை

கடலை நான் என் வாழ்க்கையில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் திருகோணமலையில். (இரண்டு தடவையும் செருப்பைத் தொலைத்தேன்.) ஆனால் மத்தியதரைக் கடற்கரை வீடுகளைப் பற்றிக் கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வேன். கிரேக்கத் தீவுகளில் மலைச்சரிவு முழுக்கச் சீனிக்கட்டியைக் கொட்டியது போல வெள்ளை வீடுகள். இத்தாலியில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற வீடுகள். துனீசியாவில் ஆணியாலேயே பூப்போட்ட நீலக் கதவுகள். எல்லாம் போனில் பார்த்ததுதான். மாத்தளையில் ஒரு கடையில் மிளகும் கராம்பும் நிறுத்துக் கொடுப்பது என் வேலை. பகல் சாப்பாட்டு நேரத்தில் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து அந்தத் தெருக்களில் எல்லாம் நடந்துவிட்டு வருவேன். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல ஊர் எது?

பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

மகள் கவிதாவைப் பெண் பார்க்க ஹட்டனிலிருந்து வருவதாக முடிவானது. முன்பு வந்த இரண்டு இடங்களும் நழுவிப் போயிருந்தன. இந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. (அவள் சொல்லவில்லை. போட்டோ தலையணைக்கு அடியில் இருந்தது.)

"வீட்டுக்குக் கொஞ்சம் பெயின்ட் அடிங்க" என்றாள் மனைவி சரசு.

கொஞ்சமா? இரத்தோட்டை வீதியில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டுக்கு மேசன் பாஸைக் கூட்டி வந்து போனைக் காட்டினேன். அவர் அதைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு வூடுண்ணே?"

"கிரேக்கத்துல, பாஸ்."

"அங்க மழ பெய்யாதா?"

"ரொம்பப் பெய்யாது."

"இங்க பெய்யுமேண்ணே."

"நீங்க அடிங்க பாஸ்."

அடித்தார். கண்கூசும் வெள்ளைச் சுவர். நீலக் கதவு, நீல ஜன்னல். முன்சுவரை ஒட்டி, அந்த வீடுகளில் உள்ளது போலவே, நீளமாக ஒரு வெள்ளைச் சிமெந்து பெஞ்சு. சரசு ரோட்டில் நின்று பார்த்தாள்.

"இத எங்கயோ பாத்திருக்கேங்க. எங்கன்னுதான் வாயில வரல."

எனக்குப் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனில், "பார்த்ததும் தெரியும்ங்க, வெளிநாட்டு வீடு மாதிரி இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

நல்ல நாள் என்று குறித்தது ஒரு புதன்கிழமை. எங்கள் பக்கத்து அரசாங்க கிளினிக்கும் புதன்கிழமைதான், எங்கள் வீட்டைத் தாண்டி ஏற்றம் ஏறினால் வரும் பழைய மண்டபத்தில் நடக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தோன்றவில்லை.

பத்தரைக்கு வருவதாகச் சொன்னவர்களுக்காகப் பத்து மணிக்கே வாசலில் நின்றேன். ஒரு கிழவி கையில் மருந்து எழுதும் கிளினிக் கொப்பியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இங்க மாத்திட்டாங்களா? நல்லதாப் போச்சு. அந்த ஏத்தம் ஏற முடியல தம்பி."

இது என் வீடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் காலை நீட்டி, "யப்பா" என்றார். எழுப்ப மனம் வருமா? அவரைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து கைக்குழந்தையோடு ஒரு பெண். பதினொரு மணிக்கு என் பெஞ்சில் ஏழு பேர். "தம்பி, நம்பர் துண்டு யாரு குடுக்குறது?" என்று ஒருவர் அதட்டினார். (கேவலம், மன்னிப்புக் கேட்டேன்.)

சரசு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "வந்துருச்சுங்க! எங்க பாத்தேன்னு இப்ப ஞாபகம் வந்துருச்சு. கிளினிக்குங்க இது! அரசாங்க கிளினிக்குன்னா எல்லா ஊருலயும் இதே வெள்ள, இதே நீலம், இதே பெஞ்சுதானே! எல்லாரையும் அனுப்புங்க!"

எப்படி அனுப்புவது? மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் பண்ணலாம் என்றால், காலையிலிருந்து வீட்டை எல்லாப் பக்கமும் வீடியோ எடுத்ததில் போன் செத்துக் கிடந்தது.

பதினொன்றே முக்காலுக்கு எட்டாவது ஆளாக ஓர் அம்மா, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "வேன்ல வந்தது தல சுத்துதுங்க. ஒரு மாத்திர கிடைக்குமா? டாக்டர் எப்ப வருவாரு?" பட்டுச்சேலை கட்டியிருந்தார். பட்டுச்சேலையில் யார் கிளினிக்குக்கு வருவார்கள்? அதுவும் எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே போய் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த இஞ்சித் தேத்தண்ணியில் ஒரு கப் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுத்தபோதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கு வாய் திறந்தது.

"டாக்டரும் வரமாட்டாரு, நர்ஸ் மிஸ்ஸியும் வரமாட்டாங்க. இது என் வூடும்மா! மகளப் பொண்ணு பாக்க ஹட்டன்லருந்து வாராங்கன்னு காவல் நிக்கிறேன். பத்தரைன்னாங்க, இப்ப மணி என்னா? அந்த மனுசன் போன்ல பேசினாலே காது அடைக்குது. அவரு சம்சாரம் அதுக்கு மேலயாம், அந்தம்மா தலையாட்டினாத்தான் அங்க அடுப்பே எரியுமாம். இதுங்ககிட்ட எம்புள்ள என்னா பாடுபடப் போகுதோ!"

அந்த அம்மா நிதானமாகத் தேத்தண்ணியைக் குடித்தார்.

"பொண்ணு எப்படிங்க?"

"தங்கமான புள்ளைங்க. அப்பன் செஞ்ச கூத்துக்கு அது ஒரு வார்த்த சொல்லல. உள்ள பூ வச்சிக்கிட்டு அழுதுகிட்டு இருக்கு."

அப்போது மேலிருந்து ஒரு வேன் இறங்கி வந்து நின்றது. ஜன்னலில் ஒரு பெரிய மீசை. "கோகிலா! ஒன்ன எறக்கி விட்டுட்டு மேல வரைக்கும் தேடியாச்சு, வெளிநாட்டு வூடு ஒண்ணையும் காணோம்! ஒனக்கு மாத்திர குடுத்தாங்களா?" காது அடைத்தது.

"எறங்கி வாங்க" என்றார் அந்த அம்மா. "நான் வூட்டுலதான் ஒக்காந்திருக்கேன்."

எனக்குப் பூமி பிளக்கவில்லை. எவ்வளவோ வேண்டினேன்.

கோகிலா அம்மா நேராக உள்ளே போய், கவிதாவின் முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் தலையை ஆட்டினார். ஒரு தடவை, நன்றாக, என் பக்கம் திரும்பி. பெஞ்சிலிருந்த ஏழு பேரும் கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற்றம் ஏறினார்கள்.

கல்யாணம் முடிந்து நான்கு வருஷமாகிறது. சம்பந்தியம்மா போன் எடுத்தால் முதல் கேள்வி, "டாக்டர் இருக்காரா?" அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன மாதம் பேத்தியைக் கூட்டி வந்தார்கள். ஆசையாக வாசலில் நின்று கையை நீட்டினேன். பிள்ளை வெள்ளைச் சுவரைப் பார்த்தது, நீலக் கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஊசி வேணாம்!" என்று தெருவே கேட்க அலறியது.