வெயிலில் உட்கார்ந்த ஏழுசட்டை அக்கா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரைக்குப் பயந்தவர்கள் உண்டு, கங்காணிக்குப் பயந்தவர்கள் உண்டு. சூரியனுக்குப் பயந்தவர் ஏழுசட்டை அக்கா ஒருவர்தான். பயம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். "பயமில்ல புள்ள, பகை" என்பார்.

எழுபதுகளில் கேமரன் மலையில் அவர் பக்கத்தில் நின்று கொழுந்து பறித்தவள் நான். ஏழு சட்டை என்பது ஊர் கட்டிய கதை. நான் எண்ணியவரை மூன்றுதான். மூன்றுக்கும் மேலே அவர் வீட்டுக்காரரின் பழைய கோட்டு, தலையில் துண்டு, துண்டின்மேல் தொப்பி, கைகளில் விரல் நுனி வெட்டிய காலுறை. துரையின் நாய் எங்கள் எல்லோரையும் பார்த்து வாலாட்டும். அவரைக் கண்டால் மட்டும் குரைக்கும்.

வெயில் பட்ட பத்தாவது நிமிடம் அவர் தோல் சிவந்து தடித்து அரிக்கும். ஈப்போவில் ஒரு டாக்டர், "உங்க தோலுக்கு வெயில் ஒத்துக்காது. மூடிக்கிட்டுப் போங்க, உச்சிவெயில்ல நிக்காதீங்க, தடிச்சா ஈரத்துணி போடுங்க, சொறியாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த டாக்டரைக் கங்காணி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. சுவெட்டர் போட்டும் நடுங்குகிற ஊரில் வெயில் எப்படிச் சுடும் என்பது அவர் கேள்வி.

"பனி மூடிக் கெடக்கு, இன்னைக்கும் எதுக்குலா இந்த வேசம்?"

"பனிக்குப் பின்னால அவன் நிக்கிறான் ஐயா. எனக்குத் தெரியும்."

கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரமே அவர் மூக்கு தோலுரிந்தது. சளி என்றார்.

நானும் சிரித்தவள்தான். என் கை அப்போது வழவழவென்று இருக்கும். முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டுத்தான் மலை ஏறுவேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான், இப்போது மறைப்பானேன்.

பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் போடுகிற ஒரு வீட்டார் என்னைப் பெண் பார்க்க வர இருந்த வாரம் அது. என் முன்கையில் அட்டை ஏறிவிட்டது. அக்கா உறையைக் கழற்றி, அட்டைக்கென்றே மடியில் வைத்திருக்கும் எலுமிச்சங்காயைப் பிழிந்து, அந்த ஈரக் கையாலேயே என் கையை இறுக்கிப் பிடித்து அட்டையைப் பிடுங்கி எறிந்தார்.

"சோப்புப் போட்டுக் கழுவு புள்ள. இந்தச் சாத்தோட வெயில்ல நிக்காத."

நான் கழுவவில்லை. கொழுந்துக் கூடையை விட்டு இறங்கிப் போய்க் கழுவ என்ன வந்தது என்ற எண்ணம். அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில்.

இரண்டு நாளில் முன்கை எரிந்தது. பிறகு கருஞ்சிவப்பாய் ஐந்து விரல் எழுந்தது, எவனோ பிடித்து இழுத்தது போல. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எல்லா நோய்க்கும் தருகிற ஊதா மருந்தைப் பூசினார். விரல்கள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. அது எந்தப் பையனுடைய கை என்பதற்கு நாங்கள் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு ஒரு பெயர் தயாராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் காப்பித் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைப் பார்க்கவில்லை.

"இது யாரு கை?"

"என் கை" என்று வாசலிலிருந்து கோட்டு பேசியது.

அக்கா உள்ளே வந்து தன் விரல்களை அந்த விரல்கள்மேல் வைத்தார். அளவு பொருந்தியது. எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுத்துவிடும் என்றார்.

"நல்ல கதையா இருக்கே. நாங்க எலுமிச்சங்கா போட்டுத்தான் குண்டான் வெளக்குறோம். கறுப்புப் போவுதா, வருதா?"

அக்கா தாம்பூலத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கத்தி கேட்டார். என் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அக்கா கோட்டைக் கழற்றிச் சட்டைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டினார். மாப்பிள்ளையின் அம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"உங்க கையில இதைப் பிழிஞ்சுக்கிட்டு என்னைப் புடிங்கம்மா. இன்னொரு கையில வெறுந்தண்ணியோட புடிங்க. நான் வெயில்ல உக்கார்றேன். செவ்வாக்கெழம வந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா, இந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டுப் போங்க."

அந்தம்மா சொன்னபடியே இரண்டு கையையும் பிடித்துவிட்டார். அக்கா முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். பத்தாவது நிமிடம் இரண்டு கையும் தடித்துவிட்டன.

"இப்பவே ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இது என் பகையாளி போட்டதும்மா, பொழுது சாய அடங்கிடும். உங்களது பின்னாலதான் வரும்."

எனக்குத் தாங்கவில்லை. "போதும்க்கா, எந்திரிங்க" என்று இழுக்கப் போனேன்.

"தொடாத புள்ள, அழிஞ்சிடும்."

ஊறல் எடுத்து உடம்பு நெளிந்தது. கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். ஒரு தடவைகூடச் சொறியவில்லை.

செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் கை சுத்தமாக இருந்தது. மற்றக் கையில் ஐந்து விரல், அதில் ஒரு விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுப்பு. மாப்பிள்ளையின் அம்மா தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாள் பாருங்க" என்றார்.

என் தழும்பு மறைய மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை அந்தக் கையைத் துணியால் மூடியே கொழுந்து பறித்தேன். சட்டை சுருட்டும் வழக்கம் அதோடு போயிற்று. மோதிரத்தில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று கங்காணி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முகூர்த்தம் விடியுமுன் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பெண்ணுக்கு அவ்வளவு அவசரமா என்று லயமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று கோயில் விளக்கு வெளிச்சத்தில் அக்கா மாம்பழ நிறப் புடவையும் ஒரே ஒரு ரவிக்கையுமாக, கோட்டில்லாமல், தொப்பியில்லாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"யாரு இந்தம்மா, எந்த ஊர்ச் சொந்தம்?" என்று கங்காணி என் அம்மாவிடம் கேட்டார்.

"எங்க சொந்தந்தான்" என்று மணவறையிலிருந்து நான் சொன்னேன்.